சொத்து விவரம்

திசையன்விளை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் மேசை.
இருபத்தாறு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
எழுதாத சொத்து இல்லை என்றிருந்தேன்.
தேரி மணல், முருங்கைத் தோட்டம்,
கிணற்றில் எட்டில் ஒரு பங்கு,
அடுத்தவன் விளை வழியே தண்ணீர் போகும் வாய்க்கால் பாத்தியம்,
காற்றாலைக்காரன் வாங்கிய பொட்டல்.
காற்று யாருக்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஆடி மாதம். தாள் பறக்காமல்
ஸ்டேப்ளரை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.
அற்புதமணி வந்தார்,
ஒரு கையில் வாரிசுச் சான்றிதழ், மறு கையில் டேப்லெட்.
"அவுக பேர்ல முன்னூத்திப் பன்னெண்டு புஸ்தகம் கெடக்கு அண்ணாச்சி.
எல்லாம் ரூவா குடுத்து வாங்குனது.
என் பேருக்கு மாத்தணும்."

தங்கையாவை எனக்குத் தெரியும்.
உப்பளத்தில் பகலெல்லாம் மூட்டைக் கணக்கு,
ராத்திரி நட்சத்திரக் கணக்கு.

கம்பெனி பதில் அனுப்பியிருந்தது:
உரிமம் கணக்குதாரரின் ஆயுளோடு முடிகிறது,
கைமாற்ற இயலாது,
தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.
வருத்தத்துக்கு மட்டும் நிபந்தனை போடவில்லை.

ரசீதுகளைப் பார்த்தேன்.
வாங்கியமைக்கு நன்றி.
வாங்கியமைக்கு நன்றி.
முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை.

எங்கள் மேசையில் அது கனமான சொல்.
கிரயம் என்று தலைப்பில் எழுதிவிட்டால்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்,
தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்,
சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள
என்று வடம் பிடித்த தேர் மாதிரி பின்னால் வரும்.
படிக்கிற பையன்கள் சிரிப்பார்கள்.
அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே
எந்தக் காலத்திலோ ஒருவன் ஏமாந்திருக்கிறான்.

இங்கே பனையைப் பாட்டத்துக்கு எடுப்பார்கள்.
மரம் உடையவனுக்கு, பதநீர் ஏறுகிறவனுக்கு.
இரண்டு பேருக்கும் அது தெரியும்.
பாட்டத்தை எழுதி, மேலே கிரயம் என்று நான் தலைப்பு வைத்தால்
மறுநாளே என் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள்.
"அந்த உரிமம் வேற, இந்த உரிமம் வேற" என்றார்
முத்திரைத்தாள் விற்கிற பால்துரை.
பறிபோகிற விஷயத்தில் ஒன்றுதான்.

இருந்தாலும் எழுதிப் பார்த்தேன், பழைய தாளின் பின்பக்கம்.
சொத்து விவரம்.
இதற்கு நான்கெல்லையாவது: வடக்கே
அதோடு பேனா நின்றது.
கடவுச்சொல்லுக்கு வடக்கே எது?
சர்வே எண் இல்லை, கிராமம் இல்லை.
வில்லங்கம் மட்டும் இருக்கிறது,
பதின்மூன்றாம் பிரிவு தொடங்கி இருபத்தொன்பது வரை,
எறும்பு ஊர்கிற எழுத்தில்.

"அப்பம் அவுக வாங்கவே இல்லியா?"

இல்லை என்று சொல்லத் தொழில் இடம் கொடுத்தது.
வாய் கொடுக்கவில்லை.
டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

அவர் டேப்லெட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.
சனிக் கிரகத்து வளையம் பற்றி ஒரு பத்தி.
கீழே மஞ்சள் கோடு.
ஓரத்தில் தங்கையா தட்டியிருந்தது:
மணிகிட்ட சொல்லணும்.

"சொன்னாவளா?"
"சொல்லியிருப்பாவ. நான் மீன் கழுவிக்கிட்டு நின்னிருப்பேன்."
கொஞ்ச நேரம் கழித்து,
"புஸ்தகம் அவன்கிட்டயே கெடக்கட்டும் அண்ணாச்சி.
இந்தக் கோடு அவுக போட்டதுதான?"

பிரிவுகளை மறுபடி தேடினேன்.
கோட்டைப் பற்றியும் எழுதியிருந்தான்.
வாசித்துக் காட்டவில்லை.

பதினெட்டாம் தேதியோடு கணக்கை மூடுகிறார்களாம்.
அன்றைக்குப் பதினொன்று.

ஜெராக்ஸ் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார்.
முப்பத்தைந்து ரூபாய்.
கடைப் பையன் எதற்கும் சம்மதம் கேட்கவில்லை,
மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு
அந்த நோட்டை மறந்தே போனான்.

என் பெஞ்சில் உட்கார்ந்து
முதல் புத்தகத்தின் முதல் மஞ்சளை எழுத ஆரம்பித்தார்.
காற்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டது.
ஸ்டேப்ளரைத் தள்ளி வைத்தேன் அவர் பக்கம்.